குடியும் குரலும்

குடிகாரரைத் திருத்தப் போகிறவருக்கு மேடையில் மாலை விழும், மனநோயாளியைப் பார்க்கப் போகிறவருக்கு நாலு பேருடைய அனுதாபமாவது கிடைக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், அவரோடு பேசப் போகிறவருக்கு ஒரு மடக்கு நாற்காலிதான் மிச்சம். எண்பதுகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அதற்கு முன்னால் மனநோய் வார்டில் தாதியாக வேலை பார்த்தேன். கல்யாணமாகி, வாத்தியாரான கணவரோடு கோலாலம்பூரிலிருந்து தள்ளியிருக்கிற கோல சிலாங்கூருக்கு வந்தபோது அந்த வேலையை விட்டேன். பிறகு ஒரு சின்னத் தொண்டுக் குழு கூப்பிட்டது. வியாழக்கிழமைகளில் கோல சிலாங்கூரில் பசார்ச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்காருவேன். மற்ற நாட்களில் வேனில், ரப்பரும் எண்ணெய்ச் செம்பனையும் போட்ட தோட்டம் தோட்டமாகச் சுற்றுவேன். புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தாய், மாதம் ஒருமுறை கெர்லிங் வரைக்கும். வேனை ஓட்டியவர் ஹம்சா அண்ணன். தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், பிறந்தவர் என்பதால் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். நாங்கள் செய்ததற்குக் கவுன்சலிங் என்று பேர். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. தாதி என்றால் அவர்களுக்கு மிஸ்ஸி. ஆகவே, ‘மிஸ்ஸி பேச வருது.’

இதைப் படிக்கிற உங்களில் குடிகாரரோடு ஒரே கூரையின் கீழே படுத்து எழுந்தவர்கள் இருப்பீர்கள். உள்ளே ஒருவர் சுவரோடு பேசிக்கொண்டிருக்க, வாசலில் வந்து கேட்டவரிடம் ‘காய்ச்சல், தூங்குறாரு’ என்று சொல்லி அனுப்பியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

நான் படித்த பாடம்

என் அறைக்கு முதலில் வந்தவர் கன்னியப்பன். புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும். மனைவி அஞ்சலை கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். ஒரு மழைநாளில் தோட்டத்து லோரி வழுக்கிக் கால்வாயில் கவிழ்ந்திருக்கிறது. பின்னால் நின்றிருந்த கன்னியப்பன் குதித்துவிட்டார். பக்கத்தில் நின்ற தம்பி குதிக்கவில்லை. லோரிக்கு அடியில் போய்விட்டான். கருமாதி முடிந்த சில வாரங்களில் தம்பியின் குரல் வந்தது. ‘என்ன உட்டுட்டு ஏன்ணே குதிச்ச?’ அது ஒன்றைத்தான் கேட்குமாம். மருந்து டின்னைத் தோளில் மாட்டும்போது கேட்கும், சோற்றில் கை வைக்கும்போது கேட்கும். அப்போது பிடித்ததுதான் சம்சு. சீனன் கடையில் சின்னச் சின்ன போத்தலில் விற்குமே, வயிற்றை அறுக்கிற சரக்கு, அதுதான்.

வார்டில் படித்ததை எல்லாம் நான் வரிசையாக எடுத்து வைத்தேன். குடியினால் மூளை இன்னும் குழம்பும், குரல் இன்னும் பெரிதாகும், மாத்திரை வேலை செய்யாது, அதனால் முதலில் குடியை நிறுத்த வேண்டும் என்றேன். வகுப்பில் நல்ல பிள்ளை தலையாட்டுவதுபோல் கன்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ‘குடிச்சா குரல் நிக்கும்னு நெனைக்கிறீங்களா அண்ணே?’ என்று கடைசியாகக் கேட்டேன். அவர் சொன்னார்: “குரலு நிக்காது மிஸ்ஸி. அதுக்கு நான் பயப்படறது நின்னுரும்.”

சத்தம் கேட்கிறதா?

மாதம் ஒருமுறை ஒரு சீன டாக்டர் கோலாலம்பூரிலிருந்து வந்து எங்களுக்காக இலவசமாக நோயாளிகளைப் பார்ப்பார். நல்ல மனிதர். தமிழ் தெரியாது, அதனால் மொழிபெயர்ப்பு என் வேலை. ஒரு நாள் வீரையா என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பேச்சில்லாமல், சோறு தண்ணி இல்லாமல், கள்ளுக்கடையே கதி என்று கிடந்தவரை மகள் கூட்டி வந்திருந்தாள். குரல் ஏதாவது கேட்கிறதா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். ‘சத்தம் ஏதும் கேக்குதாங்க?’ என்று நான் கேட்டேன். ‘கேக்குதே. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுதானே இருக்கீங்க?’ என்றார் வீரையா. மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்புத்தான். டாக்டருக்கு அதை எடுத்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். அந்த அறையில் சிரிப்பு அபூர்வம்.

‘அப்படி இல்லீங்க. யாரும் இல்லாதப்போ கேக்குதா?’ என்று திருத்திக் கேட்டேன். வீரையா சிரிக்கவில்லை. வேட்டி முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பெண்டாட்டி செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது, கள்ளு உள்ளே போனால் மட்டும் பின்வாசலில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தமும், ‘சாப்ட வாங்க’ என்கிற சத்தமும் வரும் என்றார். நான் டாக்டருக்குச் சொன்னேன். குடியை நிறுத்தினால் அந்தச் சத்தமும் நின்றுவிடும், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார் டாக்டர். நல்ல சேதி சொல்கிற முகத்தோடு நான் அதைச் சொன்னேன். வீரையா என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “அதக் கேக்கத்தானே மிஸ்ஸி குடிக்கிறேன்.”

ரெண்டு கதவு

கன்னியப்பன் ஒரு நாள் தானாகவே வந்து, ‘என்னை எங்கயாச்சும் சேத்து உடுங்க மிஸ்ஸி’ என்றார். அப்படி ஒருவர் கேட்பது லேசான காரியமில்லை என்று உங்களுக்குத் தெரியும். குடியை நிறுத்த வைக்கிற ஓர் இடத்துக்கு அனுப்பினேன். போன மறுநாளே ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாராம். ‘இது மூளைக் கோளாறு. அதை முதலில் சரிபண்ணிவிட்டுக் கொண்டு வாங்க’ என்றார்கள். சரி என்று மனநல கிளினிக்குக்கு அனுப்பினேன். குடிக்காததால் பஸ்ஸிலேயே கை கால் உதறல் எடுத்து, வேர்த்துக் கொட்டி, இறங்கின இடத்தில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றிக்கொண்டார். அங்கே வாடை பிடித்துவிட்டார்கள். ‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்’ என்றார்கள்.

இரண்டு இடத்துக்கும் நான் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவரவர் விதியைச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கன்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்குக் கோபமே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார்: “உடுங்க மிஸ்ஸி. என்னைய ரெண்டாப் பொளந்து, ஒரு துண்ட அங்க, ஒரு துண்ட இங்க அனுப்பிப் பாப்போம்லா.”

நண்பருக்காக வந்தவர்

குடி என்றால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலிச் சனங்களின் வியாதி என்று பேசுகிறவர்களுக்கு நான் துரைராஜாவின் கதையைச் சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, ஆபீசில் தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் குடையுமாக வந்து, நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தனக்கு ஒன்றுமில்லை, ஒரு நண்பருக்காக ஆலோசனை கேட்க வந்ததாகச் சொன்னார். நண்பருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் லண்டனில். நித்திரை இல்லை. பகலிலும் ஜன்னலைத் திறப்பதில்லை. பிராண்டி கொஞ்சம் எடுப்பதுண்டு. ‘காலையில எழுந்ததுமே குடிக்கிறாரா?’ என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. ‘அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லைப் பிள்ளை!’ என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வியாழக்கிழமை வந்து, உட்காராமலேயே, ‘அவனைக் கேட்டுப் பாத்தன். ஓம் எண்டுதான் சொல்றான்’ என்றார்.

இப்படியே பல மாதம் அந்த நண்பரைப் பற்றிப் பேசினோம். நண்பர் ஒரு வாரம் ஜன்னலைத் திறந்தார். ஒரு வாரம் மறுபடி சாத்தினார். பிறகு ஒரு நாள், ‘அவன் இனி இருக்கிறதில அர்த்தமில்லை எண்டு யோசிக்கிறான்’ என்று, பஸ் நேரம் கேட்கிற குரலில் சொன்னார். நான் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன். ‘ஐயா, உங்க நண்பர் இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். நாளைக்கு இல்ல. நானும் கூட வர்றேன்’ என்றேன். குடையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, என் பின்னால் நடந்து வந்து வேனில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் இருந்தார். மாத்திரையும் பேச்சுமாகப் பிராண்டி குறைந்தது. முழுதாக நிற்கவில்லை என்றாலும் அதற்குப் பிறகு பல வருஷம் உயிரோடு இருந்தார். அன்றைக்கு வேனில், பாலம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், ‘அது நான்தான் எண்டு உமக்கு முதல் நாளே தெரியும்தானே?’ என்று கேட்டார். தெரியும் என்றேன். ‘பிறகு ஏன் கேக்கேல்லை?’ என்றார். பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: “கேட்டிருந்தா நான் அண்டைக்கே எழும்பிப் போய், திரும்பி வந்திருக்க மாட்டன் பிள்ளை.”

ரயில் வரும்போது

கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தாய் மகனைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பதாக அங்கே ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சொல்லி அனுப்பினார். போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். அந்த அம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். லயத்தின் கடைசி வீடு. சமையல் நடக்கிற குசினியை ஒட்டிய சின்ன அறையில் சேகர் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது வாலிபன். காலில் நாய்ச் சங்கிலி, மறுமுனை கட்டில் காலில், நடுவில் பூட்டு. ஆனால் கணுக்காலில் சங்கிலி படுகிற இடத்தில் பழைய வேட்டித் துணியை மெத்தென்று சுற்றித் தேங்காயெண்ணெய் போட்டிருந்தது. ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நகம் வெட்டி, தலை சீவி, நெற்றியில் திருநீறும் பூசி விட்டிருந்தார்கள்.

அம்மா முனியம்மா அப்போதுதான் பால் வெட்டிவிட்டு வந்திருந்தார். புருஷன் இல்லை, ஒரே மகன். வேலை தேடி டவுனுக்குப் போன இடத்தில் கஞ்சா பழகியிருக்கிறான். திரும்பி வந்தபோது தனக்குத்தானே சிரிப்பு. பிறகு தண்டவாளத்தின் அந்தக் கோடியிலிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாகப் பேச்சு. லயத்துக்குப் பின்னால்தான் ரயில் பாதை. தண்டவாளத்தில் படுத்திருந்தவனை ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து போட்டது ஒருமுறை அல்ல. கோயிலுக்குக் கொண்டு போயிருக்கிறார், மந்திரிக்கிறவரிடம் கொண்டு போயிருக்கிறார், ராவாங்கில் இருக்கும் தன் தம்பியிடம் இவனைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று கெஞ்சியிருக்கிறார். தம்பி மாட்டேன் என்றுவிட்டார்.

நான் அடுக்கி வைத்திருந்ததில் பாதி அதற்குள் உதிர்ந்துவிட்டது. இருந்தாலும் சொன்னேன். ‘இப்படிக் கட்டிப் போடறது தப்புக்கா. போலீசுக்குத் தெரிஞ்சா உங்களைத்தான் புடிப்பாங்க. மொதல்ல கழட்டுங்க.’ முனியம்மா எதிர்த்துப் பேசவில்லை. தாலிக்கயிறு இல்லாத கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் சாவி தொங்கியது. அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “நீங்களே கழட்டுங்க மிஸ்ஸி. வெடிஞ்சா நான் மரத்துக்குப் போவணும். ரயிலு வர்றப்ப நீங்க வந்து என் புள்ளையப் புடிச்சிக்குவீங்களா?”

சாமி போன வீடு

பாக்கியத்துக்கு நோய் வந்தபோது யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. அம்மன் பேசுகிறாள் என்றார்கள். செம்பனைப் பழம் பொறுக்குகிற பெண், காலையில் பேர் கூப்பிடுகிற வரிசையில் தலை குனிந்து நிற்பவள், திடீரென்று மண்டோரைப் பேர் சொல்லி அதட்டினால் வேறென்ன நினைப்பார்கள்? வெள்ளிக்கிழமைகளில் குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது. காவல் சாமிக்குப் படைக்கிற கறுப்பு பீரைப் பாக்கியத்துக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு அம்மன் தினமும் கேட்டாள். பீர் போதாமல் சம்சு கேட்டாள். ஒரு நாள் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் பாக்கியத்தின் புருஷன் எங்களிடம் ஓடி வந்தார்.

மாத்திரைக்கு நல்ல பலன் இருந்தது. குடியும் மெள்ள மெள்ள விட்டது. குழந்தை தாயிடம் திரும்பியது. எங்கள் வேலையில் இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ நான் பெருமையாகத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பாக்கியம் வீடு பெருக்கித் துடைத்து, கோப்பி போட்டுக் கொடுத்தாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிடுவதாகச் சொன்னாள். பிறகு, காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தபடி சொன்னாள்: “சாமி போயிருச்சு மிஸ்ஸி. இப்பல்லாம் யாரும் என்னை எதுவும் கேக்கறதில்ல.”

எது மரியாதை?

இரண்டு கதவும் சாத்திய பிறகு கன்னியப்பனை எங்கள் அறையிலேயே வைத்துப் பார்ப்பதென்று சீன டாக்டர் முடிவு செய்தார். வாடையோடு வந்தாலும் உள்ளே விடு, விரட்டாதே என்றார். வியாழன்தோறும் கன்னியப்பன் வந்தார். சில நாள் தள்ளாடிக்கொண்டு, சில நாள் நிதானமாக. மாத்திரை போகப் போகத் தம்பியின் குரல் ‘கொசு மாதிரி’ ஆகிவிட்டது என்று சொன்னார். சம்சு குறைந்தது. அஞ்சலை எங்களுக்கு அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தார். அப்புறம் தம்பியின் தெவசம் வந்தது. படையல் போட்டுவிட்டு வெளியே போன கன்னியப்பன் திரும்பவில்லை. மறுநாள் அதே கால்வாயில், அதே லோரிப் பாதைக்குப் பக்கத்தில் அவரைப் பிணமாக எடுத்தார்கள். வழுக்கி விழுந்திருப்பார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. இருக்கலாம். எனக்குத் தெரியாது.

சாவு வீட்டுக்கு நானும் ஹம்சா அண்ணனும் போனோம். தகரக் கொட்டகைக்குக் கீழே பறை அடிக்க, ஆம்பளைகள் ஓரமாகக் குந்தி சம்சு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹம்சா அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போனேன். அஞ்சலை அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, சுற்றி இருந்த பெண்களுக்குக் கேட்காமல் காதோடு கேட்டார்: “அவரு செத்தது குடியிலயா மிஸ்ஸி, பைத்தியத்துலயா? வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க. எதச் சொன்னா அவருக்கு மரியாதையா இருக்கும்?”

நல்லா இருக்கிறவனுக்கு

சேகரை, முனியம்மா சாவியைத் தந்த அன்றைக்கே, சங்கிலி கழற்றி வேனில் ஏற்றி மனநோய்க்கான பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு பக்கம் துணைக்கு வந்த ஹம்சா அண்ணனின் அக்காள் மகன், ஒரு பக்கம் முனியம்மா, நடுவில் சேகர். சில மாதங்கள் கழித்து உடம்பு வைத்து, பேச்சு தெளிந்து வீட்டுக்கு வந்தான். மாதம் ஒரு ஊசி. முனியம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவனை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் போட்டுவருவார். இடையில் ஒருமுறை பழைய கூட்டாளிகள் வந்து கஞ்சா கொடுத்துவிட்டார்கள். மறுபடி சிரிப்பு, மறுபடி ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அவர்களைக் கண்டால் முனியம்மா விறகுக் கட்டையோடு வாசலில் நிற்பார். சேகர் சோறாக்கக் கற்றுக்கொண்டான், கோழி வளர்த்தான். தோட்டத்தில் மட்டும் வேலை கொடுக்கவில்லை. அவன் கையில் பால் வெட்டுகிற கத்தியைக் கொடுக்க மண்டோருக்குப் பயம்.

ஒரு நாள் காலை முனியம்மா பால் மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சேகர் இனி அவ்வளவுதான் என்று ஊரே சொன்னது. அவன் குடிக்கவில்லை, புகைக்கவில்லை. மொட்டை போட்டு, கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் வரை எல்லாம் ஒழுங்காகச் செய்தான். காரியம் முடிந்ததும் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்கு, வேலை செய்தவர் போய்விட்டார், வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பஸ் மாறி மாறி, கெர்லிங்கிலிருந்து தனியாகக் கோல சிலாங்கூர் வரை வந்து என் முன்னால் உட்கார்ந்தான். மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொன்னான். ‘குரல் கேக்குதா சேகர்?’ என்றேன். இல்லை என்றான். தூக்கம்? வருகிறது. கஞ்சா? தொடவில்லை. ‘பின்ன எதுக்குப்பா ஆஸ்பத்திரி?’ என்று கேட்டதற்கு, மடியில் இருந்த துணிமூட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்: “நான் நல்லாத்தான் இருக்கேன் மிஸ்ஸி. நல்லா இருக்கிறவனுக்குப் படுக்க எடம் இல்ல. நோயாளிக்குக் கட்டிலு இருக்கு.”

ராவாங் பஸ் நிலையத்தில்

அன்றைக்குச் சேகரை எங்கே வைப்பதென்று தெரியாமல் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கோயில் பின்னறையில் தங்க வைத்தோம். கோயில்காரர்களுக்கு அதில் விருப்பமில்லை. நானும் ஹம்சா அண்ணனும் ராவாங்குக்குப் போய் அவனுடைய தாய்மாமனைப் பார்த்தோம். அக்காள் உயிரோடு இருந்து கெஞ்சியபோது மாட்டேன் என்றவர். இப்போது எங்களை உட்காரச் சொல்லாமல் வாசலிலேயே வைத்துப் பேசினார். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. சங்கிலி, ஆஸ்பத்திரி, கஞ்சா எதுவும் அங்கே ஒருவருக்கும் தெரியக்கூடாது. அவருக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இருந்தார்கள். ஊசியை அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தோம். அதற்குப் பிறகு சேகரிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை. சேதி இல்லாததை நல்லதாக எடுத்துக்கொள்வதா கெட்டதாக எடுத்துக்கொள்வதா என்பது இந்த வேலையில் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

வருஷங்கள் கழித்து, ராவாங் பஸ் நிலையத்தில் ஒரு சாயங்காலம் அவனைப் பார்த்தேன். பேக்டரி யூனிபாரம் போட்டுக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நாலு பேர் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. ‘சேகர்!’ என்று கூப்பிட்டபடி கிட்டப் போனேன். அவன் என்னைப் பார்த்தான், பார்த்த கண்ணை அப்படியே எனக்குப் பின்னால் இருந்த கடைப் பலகைக்கு நகர்த்திக்கொண்டான். ‘யாருடா?’ என்று பக்கத்தில் நின்றவன் கேட்டது என் காதில் விழுந்தது. சேகர் தோளைக் குலுக்கினான். ஆள் மாறிப் போய்க் கூப்பிட்டவளைப் போல நானும் ஓர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு நடந்து போய் என் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். சேகர். ஓடி வந்திருந்தான், மூச்சு வாங்கியது. கண் நிறைந்திருந்தது. ஊசி போடுகிறாயா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினான். பஸ் நகர நகரக் கூடவே நடந்து வந்து சொன்னான்: “கோச்சிக்காதீங்க மிஸ்ஸி. உங்களத் தெரியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க.”

எங்கள் தொழிலில் அப்படித்தான்: தேறாதவர்கள் தெருமுனையில் நின்று ஊருக்கே கேட்கும்படி ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டு வணக்கம் வைப்பார்கள், தேறியவர்கள் நம்மைப் பார்த்ததும் கடைப் பலகையைப் படிக்க ஆரம்பிப்பார்கள்.